சிகாகோ கவிஞரும் மணலிப் பிள்ளைகளும்

தமிழ்நாட்டு 12ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் கார்ல் சாண்ட்பர்க்கின் கவிதை ஒன்று உண்டு. ஆளாகப்போகும் மகனுக்கு ஒரு தகப்பன் என்ன சொல்லலாம் என்பதே அதன் பொருள். 1878இல் இல்லினாய் மாநிலத்தில், ரயில்வே பட்டறையில் உழைத்த ஸ்வீடன்காரருக்குப் பிறந்தவர் சாண்ட்பர்க். 13 வயதில் பள்ளியை விட்டுப் பால் வண்டி ஓட்டினார். பிறகு சிகாகோவின் புகையையும் இறைச்சிக் கூடங்களையும் கூலியாட்களையும், அவர்கள் பேசுகிற மொழியிலேயே கவிதையாக்கினார். புலிட்சர் பரிசு 3 முறை அவரைத் தேடி வந்தது.

1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கும் சென்னை மணலியில் இந்தக் கவிஞர் அந்நியரே அல்ல. ஷிப்ட் முடிந்து வீடு திரும்புகிறவர்களைத் தினமும் பார்க்கும் பிள்ளைகளுக்கு அவர் எளிதில் புரிவார். ஆனால் பல வகுப்புகளில் கோனார் உரை மனப்பாடமாகி விடைத்தாளில் இறங்குவதோடு கவிதை முடிந்துவிடுகிறது. வாய் திறந்து பேச இடமே இல்லை.

ஆசிரியர்களே, அந்தப் பாடம் வரும்போது ஒரு பீரியடை ஒதுக்குங்கள். வீட்டுப் பெரியவர் சொன்ன ஒரு சொல்லைப் பற்றி ஒவ்வொரு பிள்ளையும் ஆங்கிலத்தில் பேசட்டும். இலக்கணத்தைப் பிறகு திருத்தலாம். முதலில் குறுக்கிடாமல் கேளுங்கள்.