சட்டகத்துக்கு அப்பால்: நிலக்காட்சிக் கலையின் அறப்பொறுப்புப் பற்றிய ஒரு நோக்கு

அழகிய நிலக்காட்சியொன்றை ஓவியன் தீட்டுகின்றான். நிழற்படக் கலைஞன் பதிவு செய்கின்றான். ஆசிரியன் மாணவருக்கு விளக்கியுரைக்கின்றான். இம்மூவரும் அந்நிலத்துக்கு நன்மையே செய்கின்றனர் என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் பெரும்பாலும் சரியானதே. எனினும், காட்டியதற்காகப் புகழப்படும் கலைஞன் காட்டாது விட்டதற்காக வினவப்படவும் வேண்டுமா என்னும் கேள்வி அறவியலை நாடுவோர்க்கு எழாதிருக்க முடியாது. இதனை வெறுங் கோட்பாடாக ஆராய்வதிலும், ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலுள்ள யொசெமிற்றித் தேசியப் பூங்காவை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வது பயனுடையதாகும். கலையும் சட்டமும் நிலமும் அங்கு பிணைந்துள்ள அளவுக்குப் பிற இடங்களிற் பிணைந்திருத்தல் அரிது.

1861 ஆம் ஆண்டில் கார்ல்ரன் வொட்கின்ஸ் என்னும் நிழற்படக் கலைஞர், ஏறத்தாழ 18 அங்குல உயரமும் 22 அங்குல அகலமுங் கொண்ட கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகள் மீதேற்றி யொசெமிற்றிப் பள்ளத்தாக்கிற்குச் சென்றார். 1863 இல் ஓவியர் அல்பேட் பியர்ஸ்ராட் அங்கு சென்று, தாம் கண்ட பாறைமுகடுகளைப் பெருந் திரைகளில் தீட்டினார். உள்நாட்டுப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1864 ஜூன் 30 ஆந் திகதி, அப்பள்ளத்தாக்கைப் பொதுமக்களின் பயன்பாட்டுக்கென என்றும் ஒதுக்கிவைக்கும் சட்டத்திற் சனாதிபதி லிங்கன் கையொப்பமிட்டார். அவ்விடத்தை நேரிற் கண்டறியாத பலரை இணங்கவைப்பதில் வொட்கின்சின் படங்களுக்கும் பங்குண்டென வரலாற்றாசிரியர் கருதுவர். 1870 இற் பேராசிரியர் ஜோசப் லெகொன்ற் கலிபோர்ணியாப் பல்கலைக்கழக மாணவருடன் அங்கு பயணஞ் செய்தார். 1890 இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 1916 இற் பதினான்கு வயதுச் சிறுவனாக அங்கு வந்த அன்சல் அடம்ஸ், பின்னர் வாழ்நாள் முழுவதும் அம்மலைகளைப் படம்பிடித்தார். 1938 இல் வெளிவந்த அவரது சியரா நெவாடா மலைத்தொடர்ப் படநூல், 1940 இல் கிங்ஸ் கன்யன் தேசியப் பூங்கா உருவாவதற்கு ஆதரவு திரட்டத் துணைசெய்தது. கலை நிலத்தைக் காத்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயின் இது வரலாற்றின் ஒரு பக்கமே. வொட்கின்ஸ் அங்கு செல்வதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 1851 இல், மரிப்போசாப் படைப்பிரிவினர் அப்பள்ளத்தாக்கினுட் புகுந்தனர். அங்கு வாழ்ந்த அவானீச்சி மக்களின் குடியிருப்புகளையும் உணவுச் சேமிப்புகளையும் எரித்தனர், அவர்களை வெளியேற்றினர். அப்படையிலிருந்த மருத்துவர் பனல் எழுதிவைத்த செய்தியொன்று சிந்திக்கத்தக்கது. மலைமேலிருந்த ஏரியொன்றுக்கு அம்மக்களின் தலைவர் தெனாயாவின் பெயரைச் சூட்டுவதாக அவர் தெரிவித்தபோது, அந்த ஏரிக்கு ஏற்கெனவே பெயருண்டு எனத் தெனாயா பதிலளித்தாராம். தோற்கடிக்கப்பட்டவனின் பெயரை ஏரிக்கு இடுதல் கௌரவமா, அன்றி அவன் மொழியில் ஏரிக்கிருந்த பெயரை அழித்தலா?

அதனினும் ஆழமான முரண்பாடு ஒன்றுண்டு. கலைஞர் கண்டு வியந்த திறந்த புல்வெளிகளும் கருவாலி மரச்சோலைகளும் மனிதக் கை படாத இயற்கை எனக் கொள்ளப்பட்டன. உண்மையில், அம்மக்கள் பருவந்தோறும் அளவறிந்து தீமூட்டிப் புதர்களை அகற்றிவந்தமையாலேயே அவ்வெளிகள் நிலைபெற்றிருந்தன. கருவாலிக் கொட்டை அவர்களது முதன்மை உணவு. அவர்கள் அகற்றப்பட்டு, தீயும் தடுக்கப்பட்டபின், ஊசியிலை மரங்கள் புல்வெளிகளை மூடத் தொடங்கின. எனவே, படத்திலே மனிதர் இல்லையெனினும் படத்தின் அழகிலே அவர்களது உழைப்பு இருந்தது. அங்கேயே தங்கித் தொழில் செய்து வாழ்ந்தோரின் கடைசிக் குடியிருப்பும் 1969 இல் அகற்றப்பட்டது.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளெனக் கொண்ட தொல்காப்பியர், தெய்வம், உணவு, விலங்கு, மரம், தொழில் முதலியவற்றைக் கருப்பொருளென வகுத்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. அந்நோக்கில், உண்பாரும் உழைப்பாருமற்ற வெற்றுநிலம் முழுமையான திணையாகாது. யொசெமிற்றியின் நிலக்காட்சிக் கலை முதற்பொருளைப் போற்றிக் கருப்பொருளிற் பாதியை மறந்தது எனலாம்.

இதற்கு மறுப்பாக, கலை என்பதே தெரிந்தெடுத்தல்தான். சட்டகத்துள் எல்லாவற்றையும் அடக்குதல் இயலாது என்பர். இம்மறுப்பு வலிமையுடையது. விடுபடுதல் ஒவ்வொன்றும் குற்றமாயின் கலையே இல்லாதொழியும். ஆனால், இரசனைக்குரிய பொருளாக நிற்கும் படம் வேறு. சான்றாக நிற்கும் படம் வேறு. 'இங்கு எவரும் இல்லை' என்னும் முடிவுக்கு ஆதாரமாக ஒரு படம் கொள்ளப்படும்போது, அது அழகியலின் எல்லையைக் கடந்து சாட்சியத்தின் எல்லைக்குள் வந்துவிடுகின்றது. சாட்சி கூறுபவனிடம் உண்மையை முழுமையாகக் கேட்க நமக்கு உரிமையுண்டு.

அவ்வாறாயின் இயற்கையழகே ஐயத்துக்குரியதா? அன்று. சியூரா ஒபாற்றாவின் வாழ்க்கை இதற்கு விடையளிக்கின்றது. யப்பானிற் பிறந்து 1903 இற் கலிபோர்ணியாவுக்குக் குடிபெயர்ந்த இவ்வோவியர், 1927 இல் யொசெமிற்றியிலும் சியரா மலைகளிலும் தங்கி ஓவியங்கள் வரைந்தார். பின்னர் பேர்க்லியிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பித்தார். 1942 இல், யப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்தால் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டபோது அவரும் அடைக்கப்பட்டார். தன்போரான் குதிரைப் பந்தயத் திடலில் அமைந்த முகாமிலும், பின் யூற்றா மாநிலத்தின் தோபாஸ் முகாமிலும் அவர் ஓவியப் பள்ளிகளை நிறுவினார். நிலத்தை நேசிக்கக் கற்றவன், அந்நிலத்தின் அரசு தன்னை அந்நியன் என்றபோதும் கற்பித்தலைக் கைவிடவில்லை.

அன்சல் அடம்சும் 1943 முதல் சியரா மலையடிவாரத்து மன்சனார் முகாமுக்குச் சென்று, அங்கு அடைபட்டிருந்தோரின் முகங்களைப் படம்பிடித்து 1944 இல் நூலாக்கினார். அதே ஆண்டில், அவ்விடத்திலிருந்தே வில்லியம்சன் மலையையும் எடுத்தார். புகழ்பெற்ற அப்படத்திற் பாறைகளும் மலையும் ஒளியுமே உள, முகாம் இல்லை. ஆயினும் படத்தின் தலைப்பில் மன்சனார் என்னும் பெயர் உண்டு. அப்பெயரை அறிந்தவன் அம்மலையை முன்போலப் பார்க்கமாட்டான். அறியாதவனுக்கு அது வெறும் மலையே.

இங்குதான் ஆசிரியனின் கடமை தோன்றுகின்றது. கலைஞன் சட்டகத்தை அமைக்கின்றான். அதற்கு அப்பாலுள்ளதைச் சொல்லும் பொறுப்பு கற்பிப்பவனையும் கற்பவனையும் சாரும். அழகை மறுத்து உண்மையை நாட்டவேண்டியதில்லை. உண்மையை மறைத்து அழகைக் காக்கவும் வேண்டியதில்லை. இது தொலைதூரத்து மக்களுக்கு மட்டும் உரிய கேள்வியுமன்று. 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, தலைமுறைகளாக அக்காட்டில் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்த வேடர் சமூகத்தினர் தம் காட்டுரிமையை இழந்தனர். அப்பூங்காவின் யானைகளையும் நீர்நிலைகளையும் காட்டும் படங்களை வகுப்பறையில் முன்வைக்கும்போது, அங்கு எவர் வாழ்ந்தனர் என்னும் வினாவையும் நாம் மாணவரிடம் எழுப்புதல் வேண்டும்.