விட்ட மீன்

அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடித்து வருகிறவர்களின் குறிப்புகள் பலவும் ஒரே மாதிரிதான் முடிகின்றன. காலையில் இரண்டு மணி நேரம், ஐந்து மீன், ஐந்தையும் திரும்ப விட்டாயிற்று. இந்தக் கடைசிப் பகுதிதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. கணக்கு நேராகிவிட்டது என்ற நிம்மதி அதில் தொனிக்கிறது. நேராகிவிட்டதா?

இந்த வழக்கத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1932-ல் ஜார்ஜியாவின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸைப் பிடித்தார். எடை போட்டார், வீட்டுக்குக் கொண்டு போனார், குடும்பம் சமைத்துத் தின்றது. உலக சாதனை வயிற்றுக்குள் போயிற்று. பொருளாதார மந்தத்தின் வருஷங்கள் அவை. 40 வருஷம் கழித்து, 1972-ல், ரே ஸ்காட் பிடித்ததைக் கொல்லாதே என்பதைத் தமது பாஸ் போட்டிகளின் நெறியாக்கினார். எடை பார்த்தபின் மீன் ஏரிக்கே திரும்பும். இடைப்பட்ட காலத்தில் மனிதன் கருணையில் வளர்ந்துவிட்டான் என்று இதைப் படிக்கலாம். என்னால் அப்படிப் படிக்க முடியவில்லை.

பெர்ரியின் செயலுக்கு ஓர் எல்லை இருந்தது. பசிக்குப் போதுமானது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடலாம். விடுகிறவனுக்கு அந்த எல்லை இல்லை. ஐந்தாவது மீன் எப்படியோ ஐம்பதாவதும் அப்படியே. இங்கே கருணை ஆசையைத் தடுப்பதில்லை. மேலே தொடர அனுமதி தருகிறது. தவிர, இந்தக் கருணை நிகழ வேண்டுமானால் முதலில் முள் தாடையில் ஏறியாக வேண்டும். ஸ்விட்சர்லாந்து 2008-ல், விடுவதற்கென்றே பிடிப்பதைத் தடை செய்தது. உணவுக்காகப் பிடிக்கலாம்; பிடிக்கிற சுகத்துக்காக மட்டும் கூடாது.

ஆனால் மீனின் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்தத் தர்க்கம் தடுமாறுகிறது. மனிதனின் உள்நோக்கம் சுத்தமா என்பது மனிதனின் கவலை. மீனுக்கு வேண்டியது தண்ணீர். பெர்ரியின் பசி எவ்வளவு நியாயமானதென்றாலும் அந்த மீன் செத்தது. இதற்கு என்னிடம் பதில் இல்லை. விடப்பட்டதெல்லாம் முழுசாகத் திரும்பிவிடுகிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. வசந்தத்தில் ஆண் பாஸ் முட்டைகளின் மேல் நின்று காவல் காக்கும். அதைத் தூக்கி, அளந்து, போட்டோ எடுத்து விடுகிற சில நிமிஷங்களுக்குள் ப்ளூகில் முதலிய சிறு மீன்கள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடலாம். மீன் திரும்புகிறது, எதைக் காத்து நின்றதோ அது இல்லாமல் போயிருக்கும்.

ஜப்பானின் கதை வேறு. அமெரிக்க பாஸ் 1925-ல் ஆஷி ஏரிக்குக் கொண்டுவரப்பட்டது. பிறகு நாடெங்கும் பரவி உள்ளூர் மீன்களைத் தின்னத் தொடங்கியது. பிவா ஏரியில் பிடித்த பாஸைத் திரும்ப விடக்கூடாதென்று ஷிகா மாகாணத்தில் 2003 முதல் விதி இருக்கிறது. பெர்ரியின் சாதனைக்குச் சமமான மீனை மனாபு குரிதா 2009-ல் பிடித்தது அதே ஏரியில்தான். கையைத் தண்ணீருக்குள் தாழ்த்தி விரல்களைத் திறக்கிற அந்த ஒரே செயல் ஜார்ஜியாவில் பண்பு; பிவாவில் விதிமீறல். அப்படியானால் நல்லது என்பது அந்தச் செயலுக்குள் இல்லை. திரும்ப விடுவது ஏரியைப் பராமரிக்கும் முறை. பல இடங்களில் நல்ல முறையும்கூட. அதற்குக் கருணை என்று பெயர் வைப்பதில்தான் பொய் நுழைகிறது.

மீனைக் காசு கொடுத்து வாங்கித் தின்கிறவன் நான். முள்ளை ஏற்றிய கை என்னுடையதல்ல என்பதால் நான் எந்த விதத்திலும் உயர்ந்துவிடவில்லை. அந்தக் கைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தேன். ஆகவே தூண்டில்காரனை மீன் பிடிக்காதே என்று சொல்லும் யோக்யதை எனக்கில்லை. குறிப்பை மட்டும் முழுதாக எழுதச் சொல்லலாம்: என் சந்தோஷத்துக்காக ஐந்து மீன்களைக் காயப்படுத்தினேன், பிறகு விட்டேன். முதல் பாதியை எழுதிய பிறகும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஏரிக்குப் போகலாம். நானும் மார்க்கெட்டுக்குப் போவேன்.