தெருவோரச் செடிகள்

முன்பெல்லாம் நெசவு ஊரான ஆரணியில் பாவு (தறியின் நெடுக்கு இழைகள்) நீட்ட நீளமான தெரு வேண்டும். வெயில் ஏறுமுன் பட்டுப் பாவை இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தோய்த்து உலர்த்திவிடுவார்கள். தெரு நடுவில் ஆட்கள் நடந்து தேய்ந்த மண். இரு ஓரத்திலும் யாருக்கும் வேண்டாத மண். தும்பை, குப்பைமேனி, நெருஞ்சி எல்லாம் அங்கேதான். ஒருவரும் வளர்க்கவில்லை, தறித்தொழிலுக்காக விட்ட வெளியில் தாமாக வந்தவை.

இன்று பாவு ஓட்ட இயந்திரம் வந்துவிட்டது. சிமெண்டு சுவர்வரை ஏறிவிட்டது. வாசலுக்குப் பேவர் பிளாக்.

*

மரம் போனால் ஊரே பேசும். 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழகம் இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்கப் பார்க்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தக் கணக்கில் தும்பை வராது. மரக்கன்றுக்குக் குழி தோண்டுகிறோம், தும்பைக்கு யார் தோண்டுவது? அது சில மாதச் செடி. விதை விழுகிற இடத்தில் மண் இல்லையென்றால் மறு வருஷம் செடியும் இல்லை.

*

சாலை வெடிப்பில் வெட்டுக்காயப் பூண்டு மட்டும் செழிப்பாக நிற்கிறது. கசக்கிக் காயத்தில் பிழிகிறோம், நம்மூர்ச் செடி என்றே நினைப்பு. அதன் பூர்வீகம் மத்திய அமெரிக்கா. விதைக்குப் பஞ்சு உண்டு. காற்று எந்த இடுக்கிலும் கொண்டுபோய்ச் சேர்க்கும். தும்பை விதைக்கு அது கிடையாது, தாய்ச்செடியின் காலடியிலேயே உதிரும். பறக்கத் தெரிந்ததைத்தான் நகரம் இருக்கவிடுகிறது. (வந்தேறி என்று பூண்டைத் திட்ட எனக்கு மனமில்லை. எத்தனை முழங்கால்களை ஆற்றியிருக்கிறது!)

*

நுணா வேர், சாயவேர், அவுரி இலை, கடுக்காய். தமிழ்நாட்டுத் துணிக்கு ஒருகாலத்தில் நிறம் தந்தவை. 1868இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் அலிசரின் என்ற சிவப்பைச் செயற்கையாகச் செய்தார்கள். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. மனை போடுகிறவர்கள் நுணாவை வெட்டும் முன்பே சாயப்பட்டறை அதை மறந்துவிட்டது. பயன் போன செடிக்காக யார் வாதாடுவார்கள்?

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, சாயம் ஆலையிலிருந்து. கைத்திறன் இவ்வூருடையது, அதற்கு அந்தப் பெருமை தகும். இவ்வூர் மண்ணில் முளைப்பதற்கு மட்டும் எந்தக் குறியீடும் இல்லை.

*

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சுவரோரம் ஒரு முழம் மண்ணைப் பூசாமல் விடுங்கள். பக்கத்தில் எங்காவது தும்பை மிச்சமிருந்தால் காய்ந்த செடி ஒன்றைக் கொண்டுவந்து அங்கே உதறுங்கள். மழைக்குப் பிறகு முளைப்பதைக் களை என்று பிடுங்காதீர்கள்.