சுமார் ஒன்பது

ஞாயிறு

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்கு எப்படியும் ஊருக்கு வந்தாக வேண்டும். இந்த முறை ஒரு வாரம் முன்பே வந்துவிட்டேன். காலை ஆறு மணிக்குக் கூந்தன்குளத்துக் கரை. மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் நின்று நாளாகிறது. ஓரமெல்லாம் சேறு வெடிக்கத் தொடங்கியிருக்கிறது.

பிசான அறுப்பு முடிந்த வயலில் வரித்தலை வாத்துகள், 43. இரண்டு தடவை எண்ணினேன்; முதல் தடவை 41 தான் வந்தது. வெள்ளைத் தலையின் பின்புறம் மையால் இழுத்ததுபோல இரண்டு கறுப்புக் கோடுகள். அறுத்த தாள்களுக்கு நடுவே முளைத்த புல்லை ஆடுபோலக் கடித்து இழுக்கின்றன. இவை கூடு கட்டுவது திபெத்தில், மங்கோலியாவில், லடாக்கில். இமயத்தைத் தாண்டும்போது 7,000 மீட்டருக்கும் மேலே பறந்ததைக் கருவி கட்டிப் பதிவுசெய்திருக்கிறார்கள். சேறு அப்பிய இந்தக் கால்களைப் பார்த்தால் நம்பத் தோன்றவில்லை.

திங்கள்

அதே வயல், அதே 43.

இளவேனில் சித்திரையில்தான் பிறக்கும் என்கிறது பஞ்சாங்கம். குளத்துக்குப் பங்குனியே போதும். வேம்பு பூத்துவிட்டது, குயில் விடியுமுன்னே தொண்டையைத் திறக்கிறது, வடக்கே போகவேண்டியவை தின்று கொழுக்கின்றன. தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் ஜனவரியில் நடக்கிறது. அப்போது கரையெங்கும் தொலைநோக்கிகள். பங்குனி வெயிலில் எண்ண வருகிறவர்கள் குறைவு.

இன்று ஒரு கேமராக்காரர் மட்டும் வந்தார். வரப்பில் நின்று பலமாகக் கைதட்டினார், பறக்கிற படம் வேண்டுமாம். எல்லாம் எழும்பிச் சுற்றி, அடுத்த வயலில் இறங்கின. பயணத்துக்கென்று சேர்த்துவைத்த கொழுப்பில் கொஞ்சம் அவர் படத்துக்குப் போயிற்று. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

செவ்வாய்

டவுனில் வேலை. திரும்பும் வழியில் நயினார்குளம். காய்கறி மார்க்கெட் லாரிகளின் ஹாரன், குப்பை வாடை. ஆகாயத்தாமரைக்குள் நீலத்தாழைக்கோழி ஒன்று தண்டைக் காலால் பிடித்துக்கொண்டு, கரும்பு கடிப்பதுபோல் கடித்துக்கொண்டிருந்தது. மின்கம்பியில் தகைவிலான்கள், நெருக்கமாக. இவையும் கிளம்ப வேண்டியவைதான்.

புதன்

காலையில் வாத்துகள் 26. போன பதினேழும் ராத்திரியே கிளம்பியிருக்க வேண்டும். அல்லது விஜயநாராயணம் பெரிய குளத்துக்கு மேயப் போயிருக்கலாம். இதுதான் தொல்லை. ஒரு பறவை வந்த நாளைக் குறிப்பது எளிது, கண்ணில் பட்டதும் தேதி போட்டுவிடலாம். போன நாளை அன்றைக்கே குறிக்க முடியாது. மறுநாள் போய்ப் பார்க்க வேண்டும், அதற்கு மறுநாளும் போக வேண்டும். என் பழைய நோட்டுகளில் முதல் தேதிகள் நிறைய இருக்கின்றன. கடைசித் தேதி ஒன்றுகூட உருப்படியாக இல்லை.

சாயங்காலம் திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோவிலைச் சுற்றி ஆற்றங்கரை மருதமரங்களில் நாரைகளும் கொக்குகளும் அடைய வந்தன. ஊராரும் அரசும் சேர்ந்து காக்கும் காப்பிடம் என்ற வகையில் நாட்டிலேயே முதலாவதாக 2005-ல் அறிவிக்கப்பட்ட இடம். பரப்பு 3 ஹெக்டேர்கூட இல்லை. பறவைகளுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

வியாழன்

இன்று கூந்தன்குளம் ஊருக்குள். இங்கே மஞ்சள் மூக்கு நாரைகள் குளத்து மரம், வீட்டு மரம் என்று பேதம் பார்ப்பதில்லை. ஒரு முற்றத்து வேம்பில் மட்டும் ஏழெட்டுக் கூடுகள். இலையெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. மீன் வாடை.

மணி பதினொன்று. கைக்கெட்டாத உயரம்தான், ஆனாலும் தொலைநோக்கி தேவைப்படவில்லை. ஒரு நாரை வெயிலுக்கு முதுகைக் காட்டி, இரண்டு சிறகையும் பாதி விரித்து நின்றது. அந்த நிழலுக்குள் மூன்று குஞ்சுகள், சாம்பல் நிறம், கறுத்த அலகு, வாய் பிளந்து இரைத்துக்கொண்டு. இணைப்பறவை குளத்திலிருந்து வந்தது. தலையைக் குனிந்து, தொண்டையில் கொண்டுவந்த தண்ணீரைக் குஞ்சுகள்மேல் வடியவிட்டது. வாய்க்குள் கொஞ்சம், முதுகில் கொஞ்சம். பிறகு அது நிழலுக்கு நின்றது, முதலாவது பறந்துபோயிற்று. அரை மணி கழித்துப் பார்த்தால் நின்ற பறவை லேசாகத் திரும்பியிருந்தது. வெயில் நகர்ந்த அளவுக்கு.

"மேலயே பாத்துட்டு நிக்காதீய அண்ணாச்சி, சட்டை நாறிப்போவும்" என்றபடி அந்த வீட்டம்மா செம்பில் மோர் கொடுத்தார். சத்தம், நாற்றம், கூரையில் எச்சம் எல்லாம் உண்டு. எச்சம் ஊறிய குளத்து வண்டல் வயலுக்கு உரமாவதும் உண்டு. தீபாவளிக்கு வெடி போடாத ஊர். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்த பால்பாண்டி 2021-ல் காலமானார். அவரைப் பற்றிக் கேட்டதும் அம்மா மரத்தைக் காட்டி, "அவரு இருந்தா ஒவ்வொரு கூட்டுக்கும் கணக்கு சொல்லுவாருல்லா" என்றார்.

வெயில் ஏறிவிட்டது. பஸ்ஸுக்கு நேரம். ஓட்டமும் நடையுமாக வயல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நோட்டில் எழுதினேன்: வாத்து, சுமார் 9.

வெள்ளி

0.

ஆடு மேய்க்கிற பெரியவர் கேட்டார்: "என்ன, இன்னும் எண்ணிக்கிட்டா இருக்கீய? அது நேத்து ராத்திரியே போயிட்டுல்லா. தலைக்கு மேல சத்தம் கேட்டுச்சே."

என்ன மாதிரிச் சத்தம் என்று கேட்டேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்திக் காட்டினார். ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன.

சனி

உத்திரம். சாஸ்தா கோவிலில் சென்னைக்காரர்களும் பம்பாய்க்காரர்களும் வந்திறங்குமுன் விடியற்காலையில் ஒருநடை போய்வந்தேன். குளத்தில் நீலச்சிறகிகள் இருந்தன, கூழைக்கடாக்கள் இருந்தன. வயலில் எதுவும் இல்லை. ஈர மண்ணில் தடம் மட்டும், மூன்று விரலும் இடையே சவ்வுமாக.

ஆகக் கடைசி நாள் வியாழன். ஒருவழியாக ஒரு கடைசித் தேதி கிடைத்துவிட்டது. நோட்டைத் திருப்பி அந்தப் பக்கத்துக்குப் போனேன். நாரைக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். வாத்துக்கு ஒரே வரி. 'சுமார்' என்பதை அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன். எட்டா, ஒன்பதா, பத்தா, நிச்சயமாகத் தெரியாது. அப்படியே விட்டுவிட்டேன்.