தராசைச் சோதிப்பவர் யார்?

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகி மூட்டை மூட்டையாய் வெளியேறுகிறது. ஆலைக்குள்ளேயே ஆய்வுக்கூடம் உண்டு; அங்குப் பணிபுரிவோர் தொழிலறிந்தவர்களே. ஆயினும் மூட்டையின்மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரை பொறிக்க அவர்கள் சொல் மட்டும் போதாது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் தானும் மாதிரி எடுத்துச் சோதிக்கிறது. ஆலையார் பொய்யர் என்பதனாலன்று. விற்பவரே தம் சரக்குக்குச் சாட்சியாய் நிற்பது முறையன்று என்பதனால். அங்காடியின் அளவையும் நிறையையும் பார்க்க முஹ்தஸிப் என்னும் அலுவலரை வைத்திருந்த சமூகத்தின் வழிவந்த நமக்கு இந்த நியாயம் புதிதன்று.

சரக்குக்கு ஒப்புக்கொண்ட இதனைச் சட்டதிட்டத்துக்கும் ஒப்புக்கொள்கிறோமா? கடன் தருவோரைக் கட்டுப்படுத்தும் விதியை ரிசர்வ் வங்கி வகுக்கிறது. அவ்விதியை நிறுத்துப் பார்ப்பவர் யார்?

நம் பெண்கள் நன்கறிந்த குழுக்கடனையே எடுத்துக்கொள்வோம். 2010இல் ஆந்திரத்தில் தவணை வசூலின் கெடுபிடியால் தற்கொலைகள் நேர்ந்ததாகச் செய்திகள் எழ, அம்மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. ரிசர்வ் வங்கி ஒய்.எச். மாலேகாம் தலைமையில் துணைக்குழு ஒன்றை அமைத்தது. 2011 ஜனவரியில் வந்த அதன் அறிக்கை 24 சதவீத வட்டி வரம்பைப் பரிந்துரைத்தது. வங்கி 26 என வைத்தது. அத்துணைக்குழு வங்கியின் மத்திய இயக்குநர் குழுவைச் சார்ந்ததே. வெளியார் அவை அன்று. எனினும் தன் காரணங்களை எழுதி வெளியிட்டது. மறுக்க விரும்பியவருக்கு மறுக்க ஏதோ கிடைத்தது. அது சிறிய காரியமன்று.

2022 ஏப்ரல் முதல் வட்டி வரம்பு நீங்கியது. வட்டியை அந்தந்த நிறுவனத்தின் இயக்குநர் குழுவே வகுத்துக்கொள்ளலாம்; குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது என்பது புதிய காவல். 2024 அக்டோபரில் மிகையான வட்டி முதலிய காரணங்களுக்காக நான்கு நிறுவனங்கள் புதுக்கடன் வழங்குவதை அதே வங்கி தடுத்தது. தளர்த்தியவரும் தண்டித்தவரும் ஒருவரே. பிழை தளர்த்தியதிலா, கண்காணிப்பிலா, அந்நிறுவனங்களின் பேராசையில் மட்டுந்தானா? இதை மூன்றாமவர் சொல்லக் கேட்பதன்றோ நேர்மை!

2025இல் ஒரு நல்ல திருப்பம் நிகழ்ந்தது. விதியின் வரைவை வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துக்குக் குறைந்தது 21 நாள் தர வேண்டும் என மே மாதத்தில் வங்கி தனக்கே நெறி வகுத்துக்கொண்டது. விதிகளை ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யத் தனிப்பிரிவும், அதற்கு உதவ வெளி வல்லுநர் ஆலோசனைக் குழுவும் அக்டோபரில் வந்தன. அக்குழுவின் தலைவராக அமர்த்தப்பட்டவர் பாரத ஸ்டேட் வங்கியின் மேலாண்மை இயக்குநர் ராணா அசுதோஷ் குமார் சிங். உறுப்பினரிலும் வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் நடத்திப் பழகியவர்களே மிகுதி.

இவர்களுடைய நாணயத்தை நாம் ஐயுறவில்லை. தொழிலின் நுட்பம் தொழிலுக்குள் இருப்பவருக்கே தெரியும் என்ற வாதத்தையும் தள்ளிவிட இயலாது. வெளியார் என்றால் விவரமறியாதவர், விவரமறிந்தவர் என்றால் உள்ளார். இந்த இக்கட்டிலிருந்து எந்நாடும் முழுதாய்த் தப்பியதில்லை. ஆனால் விதிக்கு உட்பட்டவர் விதியை எடைபோடுகையில், எந்த விதி தமக்குச் சுமை என்பது எளிதில் புலப்படும். எந்த விதி இல்லாமையால் பிறர் நசுங்குகிறார் என்பது அவ்வளவு எளிதில் புலப்படாது. ரெட்டிபாளையத்தில் தவணை நாளன்று, வராத தோழியின் பங்கையும் சேர்த்துக் கட்டச் சொல்லப்படும் பெண்ணுக்கு அது தெரியும். அதுவும் வல்லமைதான். இணையத்தில் வெளியாகும் வரைவு 21 நாளில் அவள் கண்ணில் படப்போவதில்லை.

ஆகவே நாம் கேட்பது இரண்டே. கடன் பெறுவோர் பக்கம் நின்று பழகிய ஒருவருக்கேனும் அக்குழுவில் இடம் வேண்டும். குழு சொல்வதில் வங்கி ஏற்றது எது, தள்ளியது எது, ஏன் என்பது தமிழிலும் அச்சாகி, அவள் கடன் பெறும் கிளையின் சுவரில் தொங்க வேண்டும்.