ஏறியவர் இறங்கி வரவேண்டும்

1963 மே 22 இரவு. எவரெஸ்ட் உச்சிக்குச் சற்றுக் கீழே, சுமார் 8,500 மீட்டர் உயரத்தில், கூடாரமும் இல்லாமல் தூங்கும் பையும் இல்லாமல் நான்கு அமெரிக்கர்கள் திறந்தவெளியில் ஒடுங்கிக் கிடந்தார்கள். வில்லி அன்சோல்டும் டாம் ஹார்ன்பைனும் அன்று மாலை ஆறேகால் மணிக்குத்தான் உச்சியைத் தொட்டிருந்தார்கள். அவர்கள் ஏறி வந்த மேற்கு முகட்டு வழியாக அதற்குமுன் யாரும் உச்சிக்குப் போனதில்லை. அந்த வழியே திரும்ப முடியாது என்பதால் மறுபக்கம் இறங்கினார்கள். வழக்கமான பாதையில் ஏறியிருந்த லூட் ஜெர்ஸ்டாடும் பாரி பிஷப்பும் இருட்டில் அவர்களுடன் சேர்ந்துகொண்டார்கள். நள்ளிரவுக்கு மேல் ஓரடியும் வைக்க முடியவில்லை. விடியும்வரை அங்கேயே கிடப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஹார்ன்பைனின் கால்கள் சில்லிட்டு மரத்துப்போக ஆரம்பித்தன. அன்சோல்ட் அவருடைய பூட்ஸைக் கழற்றி, பாதங்களைத் தன் உடைக்குள் இழுத்து, வெறும் வயிற்றில் வைத்துச் சூடேற்றினார். பதிலுக்கு நானும் செய்கிறேன் என்று ஹார்ன்பைன் சொன்னபோது, என் கால் நன்றாகத்தான் இருக்கிறது, குளிரே தெரியவில்லை என்று மறுத்துவிட்டார். அந்த உயரத்தில் குளிர் தெரியாத கால் செத்துக்கொண்டிருக்கும் கால். அதிசயமாக அன்று இரவு காற்று அடங்கிக் கிடந்தது, நால்வரும் பிழைத்தார்கள். ஹார்ன்பைனின் விரல்கள் தப்பின. அன்சோல்டுக்கு ஒன்பது கால்விரல்கள் போயின.

இந்த அன்சோல்ட் வெறும் மலையேறி மட்டுமாக இருந்திருந்தால் இதை ஒரு வீரக்கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். அவர் தத்துவப் பேராசிரியர். சமயக் கல்வியும் பெற்றவர். பிரெஞ்சுத் தத்துவஞானி பெர்க்சனின் சிந்தனையை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். இளைஞர்களைக் காட்டுக்கும் மலைக்கும் அழைத்துப்போய்ப் பழக்கும் 'அவுட்வர்ட் பவுண்ட்' அமைப்பில் வேலை பார்த்தார். பின்னர் வாஷிங்டன் மாநிலத்தின் எவர்கிரீன் கல்லூரியில் அதன் தொடக்க காலத்திலிருந்தே ஆசிரியராக இருந்தார். இயற்கையில், அதுவும் ஆபத்து கலந்த இயற்கையில், மனிதன் புனிதத்தைத் தொடுகிறான் என்பது அவருடைய நம்பிக்கை. அதை மேடை மேடையாகப் பேசினார். நம்பியபடியே வாழவும் செய்தார். சாகசத்தில் வாழ்க்கை நிறைவு கிடைக்குமா என்ற கேள்வியை உரசிப்பார்க்க இவரைவிட நல்ல உரைகல் கிடைப்பது கடினம்.

அந்த நம்பிக்கைக்குத் தத்துவத்தில் பழைய வேர் உண்டு. ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் ஒட்டோ 1917-ல் வெளியிட்ட நூலில், புனித அனுபவத்தின் மையத்தில் நடுக்கமும் ஈர்ப்பும் ஒன்றாக இருக்கின்றன என்றார். விலகி ஓடவும் தோன்றும், கிட்டப் போகவும் தோன்றும். நம் ஊர் எல்லைச்சாமியின் முன்னால் அமாவாசை இரவில் நின்றவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. செங்குத்துப் பாறையில் கயிற்றில் தொங்குகிறவரும் இதையேதான் சொல்கிறார்: உடம்பு நடுங்குகிறது, மனம் இன்னும் மேலே என்கிறது. உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் 1975-ல் வெளியிட்ட ஆய்வு நூலில் பாறையேறிகளையும் ஆராய்ந்தார். செய்யும் வேலையின் சவாலும் செய்கிறவரின் திறனும் சரிக்குச் சரியாக நிற்கும்போது நேரம் மறந்துபோகிறது, 'நான்' என்ற நினைப்பு கரைந்துபோகிறது என்று கண்டார். ஆனால் அதே நூலில் சதுரங்கம் ஆடுகிறவர்களும் அறுவை மருத்துவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் அந்த லயிப்புக்கு மலை கட்டாயமில்லை. லயிப்பு வந்தது என்பதே அந்தச் செயல் நல்லது என்பதற்குச் சான்றும் ஆகாது. சூதாட்ட மேசையிலும் ஒருவன் நேரத்தை மறப்பான்.

மலையைப் புனிதமாகக் கண்டவர்கள் எல்லோரும் அதன் உச்சியில் கால் வைக்க நினைத்தவர்களும் அல்ல. 1953-ல் எவரெஸ்ட் உச்சியில் டென்சிங் நோர்கே பனியைக் கிளறி இனிப்புகளைப் புதைத்துக் காணிக்கை செலுத்தினார். ஹிலாரி பக்கத்திலேயே ஒரு சிறு சிலுவையை வைத்தார். அது ஒரு வகை மரியாதை. 1955-ல் காஞ்சன்ஜங்காவின் முதல் ஏற்றத்தில் நடந்தது இன்னொரு வகை. 8,586 மீட்டர் உயரமுள்ள அந்த மலை சிக்கிம் மக்களுக்குக் காவல் தெய்வம். உச்சியை மிதிப்பதில்லை என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்ததால், ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் சில அடிகளுக்கு முன்பே நின்று திரும்பிவிட்டார்கள். மறுநாள் ஏறிய இருவரும் அப்படியே செய்தார்கள். உலகின் மூன்றாவது உயரமான மலை, கண்ணெதிரே உச்சி, தடுக்க ஒருவரும் இல்லை. கொடுத்த வாக்கு ஒன்றுதான் இருந்தது. உச்சியைத் தொடாததால் அவர்களுடைய நிறைவில் குறை வைத்துப் பேசுகிறவர் இன்றுவரை யாரும் இல்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. முதுமையில் அப்பர் கயிலைக்குப் புறப்படுகிறார். காசியைத் தாண்டித் தனியாக நடக்கிறார். பாதம் தேய்கிறது, கையால் தவழ்கிறார். கை தேய்கிறது, மார்பால் ஊர்கிறார். அதுவும் முடியாமல் உருள்கிறார். முனிவர் வடிவில் எதிரே வந்த இறைவன், மனிதரால் ஆகாது, திரும்பிப் போ என்கிறார். காணாமல் திரும்பமாட்டேன் என்கிறார் அப்பர். கடைசியில், அங்கே இருந்த பொய்கையில் மூழ்கச் சொல்கிறார் இறைவன். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். கயிலைக் காட்சி அவருக்கு அங்கே கிடைத்தது; சுற்றிலும் ஆணும் பெண்ணுமாகத் திரிந்த உயிர்கள் எல்லாமே சிவமும் சக்தியுமாகத் தெரிந்தன. இந்தக் கதையில் சேக்கிழார் பயணத்தை வீண் என்று சொல்லவில்லை. அந்தத் தேய்மானம் இல்லாமல் அந்தக் காட்சி இல்லை. ஆனால் காட்சி கிடைத்த இடம் காவிரிக் கரை. ஊர், கோயில், ஜனங்கள் நடுவே.

அன்சோல்டுக்கு அப்பரைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் வைத்த சோதனையும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. காட்டிலும் மலையிலும் பெற்ற அனுபவம், கீழே மனிதர்களுடைய பிரச்சினைகளைக் கையாள உன்னை இன்னும் தகுதியாக்குகிறதா? ஆக்காவிட்டால் அந்த அனுபவம் தேறவில்லை என்று அவர் மாணவர்களுக்குச் சொல்லிவந்தார். சாகச விளம்பரங்களில் இந்த வரி வருவதில்லை. அங்கே எல்லாமே 'உன்னைக் கண்டுபிடி'தான்.

அவர் சொன்ன இன்னொன்றும் பிரசித்தம். ஒரு தாய் அவரிடம், என் மகன் பத்திரமாக வருவான் என்று உத்தரவாதம் தருவீர்களா என்று கேட்டாராம். முடியாது, அவன் சாகவும் கூடும் என்றாராம் அன்சோல்ட். ஆனால் அவனைப் பொத்திப் பொத்திக் காப்பதில் நீங்கள் ஜெயித்துவிட்டால் அவனுடைய ஆன்மா சாவதற்கு நான் உத்தரவாதம் என்றும் சொன்னாராம். கேட்க நன்றாக இருக்கிறது. மேடையில் கைதட்டலும் வாங்கும்.

இனி வருவது கைதட்ட முடியாதது. 1949-ல் இளைஞனாக இந்தியாவுக்கு வந்தபோது அவர் நந்தாதேவி மலையைப் பார்த்தார். 7,816 மீட்டர். அந்த அழகில் மயங்கி, மகள் பிறந்தால் இந்தப் பெயர்தான் என்று முடிவு செய்தார். அப்படியே பெயரிட்டார். 1976-ல், 22 வயதில், நந்தாதேவி அன்சோல்ட் தன் பெயர்கொண்ட மலையை ஏற வந்தாள். குழுத் தலைவர்களில் ஒருவர் அப்பா. கடைசி முகாமில், 7,300 மீட்டருக்குச் சற்று மேலே, புயலில் சிக்கியிருந்த நாட்களில் வயிற்றுக் கோளாறால் அவள் உடல் தளர்ந்தது. செப்டம்பர் 8 அன்று கூடாரத்துக்குள் அப்பாவின் கண்ணெதிரே இறந்துபோனாள். உடலைக் கீழே கொண்டுவர வழியில்லை. பனியிலேயே விட்டுவிட்டு இறங்கினார்கள். உத்தராகண்ட் மக்களுக்கு நந்தாதேவி பார்வதியின் வடிவம், பிறந்தவீட்டுக்கும் புகுந்தவீட்டுக்கும் போய்வரும் மகள். தேவியே தன் இடத்துக்குத் திரும்பிவிட்டாள் என்று அங்குள்ளவர்கள் பேசிக்கொண்டார்கள். அது ஊர் மக்களின் ஆறுதல். பெற்றவருக்கு அது ஆறுதலாகியிருக்குமா என்பது வேறு.

மூன்றாண்டு கழித்து, 1979 மார்ச்சில், அன்சோல்ட் கல்லூரி மாணவர்களை ரெய்னியர் மலைக்கு அழைத்துப்போனார். இரண்டு இடுப்பு மூட்டுகளும் செயற்கை. வயது 52. குளிர்காலம் முடியாத மாதம், மோசமான வானிலை. இறங்கும் வழியில் பனிச்சரிவு அவரையும் 21 வயது மாணவி ஒருவரையும் மூடியது. இருவரும் இறந்தார்கள்.

இங்கேதான் தத்துவக் கேள்வி கூர்மையாகிறது. தன் உயிரைப் பணயம் வைத்து நிறைவு தேட ஒருவருக்கு உரிமை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். வேறொருவர் உயிரை அதில் சேர்க்க அவருக்கு உரிமை உண்டா? தானாக விரும்பி வந்தார்கள் என்பது பாதி பதில்தான். ஆசிரியர் மேலுள்ள மதிப்பில் மாணவர் வருகிறார். அவரால் அந்தச் சரிவை எடைபோட முடியாது, ஆசிரியரால் முடியும். கூலிக்கு வருகிறவர் நிலை இன்னும் மோசம். 1963 குழு எவரெஸ்ட் அடிவாரத்துக்குப் போனது 900-க்கும் மேற்பட்ட சுமைகூலிகளின் முதுகில். 2014 ஏப்ரல் 18 அன்று அதே எவரெஸ்ட் பாதையிலுள்ள கும்பு பனியருவியில் பனிக்கட்டி சரிந்து 16 பேர் இறந்தார்கள். பதினாறு பேரும் நேபாளத் தொழிலாளர்கள். பிறருடைய ஏற்றத்துக்காக அந்தப் பாதையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அங்கே நிறைவு தேடிப் போனவர் ஒருவர், விலை கொடுத்தவர் இன்னொருவர்.

அன்சோல்டின் உரைகல்லில் அன்சோல்டையே உரசலாம். எவரெஸ்டின் அந்த இரவு தேறுகிறது; மேற்கு முகட்டைவிட உயரமான காரியம், நண்பனின் பாதத்தை வயிற்றில் வைத்துக்கொண்டது. ரெய்னியர் தேறவில்லை. அந்தத் தாய்க்குச் சொன்ன பதிலும் தேறவில்லை. ஆபத்தின்றி ஆன்மா வளராது என்றே இருக்கட்டும். எவ்வளவு ஆபத்து என்று கணக்கிட்டுக் குறைக்கும் பொறுப்பு அதனால் அழைத்துப்போகிறவரை விட்டுப் போய்விடாது. ஆபத்தைப் புனிதமாக்கியதும் முதலில் மங்குவது இந்தக் கணக்குதான்.

இது அமெரிக்கர் கதை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, டிரெக்கிங் போயிருந்தவர்களில் 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வேலைக்குப் போகும் இளம் வயதினர். வார இறுதியில் மலைக்காற்றைத் தேடிப் போனவர்கள். அவர்கள் தேடியதில் ஒரு தவறும் இல்லை. காய்ந்த புல் நிறைந்த சரிவில், தீக்காலத்தில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தியதுதான் தவறு. அதன்பின் விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப்பாதைகளை இணையவழி முன்பதிவுடன் திறந்தது. வனத்தை அறிந்த உள்ளூர்க்காரர்கள், பழங்குடியினர் உட்பட, பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். காட்டுத்தீக் காலத்தில் பாதைகள் மூடப்படுகின்றன.

போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் பதிவு செய்வதற்கு முன், கூட வரும் வழிகாட்டி யார், அவருக்குக் காப்பீடு உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாதி வழியில் அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு வேண்டாம், திரும்பிடலாம் என்றால், கட்டிய பணத்தைப் பற்றிப் பேசாமல் திரும்பிவிடுங்கள்.