பார்ப்பதிலும் குற்றம் உண்டோ?



ஸ்கொட்லாந்தின் பைன் மரக்காடுகளில் கப்பர்கேலி என்றொரு பறவை உண்டு. கிரவுஸ் எனப்படும் காட்டுக்கோழி வகைகளுள் இதுவே மிகப் பெரியது. வசந்த காலத்தில், விடியுமுன்னரே சேவல்கள் வழக்கமான ஓரிடத்தில் கூடுகின்றன. வாலை விசிறிபோல் விரித்து, கழுத்தை மேல்நோக்கி நீட்டி, போத்தல் தக்கையைப் பிடுங்குவது போன்ற ஓர் ஒலியையும் எழுப்பி ஆடுகின்றன. பேடுகள் வந்து பார்த்துத் தமக்கேற்ற துணையைத் தெரிவுசெய்கின்றன. அவை வரும் நாட்களோ மிகச் சில.

இக்காட்சியைப் படம்பிடிக்க விரும்பாத புகைப்படக்காரர் யார்? ஆயினும், ஆட்டக்களத்தில் இப்பறவையை வேண்டுமென்றோ அசட்டையாகவோ குழப்புவதை அங்கு 2004ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. 2021–22 கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் எஞ்சியிருந்தவை ஏறத்தாழ 532 மட்டுமே.

சட்டம் ஒருபுறம் கிடக்கட்டும். “நான் துவக்கா கொண்டு போனேன்? கமராதானே! சேவல்கள் ஆடிக்கொண்டே இருந்தனவே” என்பவருக்கு நாம் என்ன சொல்வது? அவர் பொய் சொல்லவில்லை. சேவல்கள் ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் மரங்களின் ஓரம்வரை வந்த ஒரு பேடு மனித அசைவைக் கண்டு திரும்பிப் போயிருந்தால், அதை அவர் எங்ஙனம் அறிவார்? வராத பேடு படத்தில் விழுவதில்லை. ஆகவே, “நான் கண்டமட்டில் ஒரு தீங்கும் இல்லை” என்ற அவருடைய சாட்சியம் இவ்வழக்கில் செல்லாது. (நம் திருமணங்களில் மணமக்களை மறைத்து நிற்கும் படக்காரருக்கும் தம் முதுகுக்குப் பின்னால் இருப்போர் தெரிவதில்லை அல்லவா?)

“படங்கள் இல்லாவிடில் இப்பறவையின் அருமையை யார் அறிவார்?” என்றும் கேட்கப்படுகிறது. இது தட்டிக்கழிக்கக்கூடிய நியாயமன்று. அக்காட்டை மிதித்தறியாத நமக்கே படங்கள் மூலந்தான் அப்பறவை தெரியும். ஆயின் நல்ல படங்கள் ஏற்கனவே ஏராளம். இன்னுமொன்று எடுப்பது பறவைக்காகவா, தம் பெயருக்காகவா என்பதை எடுப்பவரே தம் நெஞ்சைக் கேட்டுச் சொல்லவேண்டும்.

அமெரிக்கப் புல்வெளிகளில் பிரெய்ரிக் கோழி எனும் இன்னொரு கிரவுஸ் இனத்தைப் படமெடுப்போர் கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஒன்றுண்டு. பறவைகள் வருமுன், இருளிலேயே மறைவிடத்துள் புகுந்துவிடுவர். கடைசிப் பறவை போகும்வரை வெளியே வருவதில்லை. குளிரில் கால் மரத்துப்போனாலும் எழும்புவதில்லை, பேச்சும் கிடையாது. சில காலைகளில், போதிய வெளிச்சம் வருமுன்னரே பறவைகள் கலைந்துவிடும். அன்றைக்கு வெறுங்கையோடுதான் வீடு திரும்புவர்.